பிறர் முகத்தில் பேசிய சாரீரம்

1984-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'விதி' என்னும் திரைப்படத்தைத் திண்டுக்கல் சமவெளியின் மக்கள் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதே அதிகம் என்று சொன்னால், அந்தக் காலத்தை நேரில் அறிந்தவர் எவரும் மறுக்கமாட்டார்கள். வேடசந்தூரிலிருந்து நிலக்கோட்டை வரையிலும், நத்தத்திலிருந்து ஒட்டன்சத்திரம் வரையிலும், கல்யாண வீட்டு வாசலில் உயரக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும் டீக்கடையின் டேப் ரிக்கார்டரும் அப்படத்தின் கதை வசன ஒலிநாடாவை அலுக்காமல் முழங்கிக்கொண்டிருந்தன. ஆரூர்தாஸ் எழுதிய நீதிமன்ற வாதப் பிரதிவாதங்களை, படத்தை ஒருமுறையும் பார்த்திராத சிறுவர்கள்கூட ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். அந்த ஒலிநாடாவில், கதாநாயகியைக் காதலித்து வஞ்சித்துக் கைவிடும் இளைஞனாகப் பேசிய குரலை மோகனுடையது என்றே ஊர் நம்பியிருந்தது. ஆனால் திரையிலே தோன்றியவர்தான் மோகன், பேசியவர் எஸ்.என். சுரேந்தர். திரையே இல்லாத ஒலிநாடாவில் மோகனுக்கு வேலை ஏதுமில்லை. அந்தப் பாத்திரத்தை அங்கே முழுமையாக நடித்துக் காட்டியவர், கேட்டவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட அறியாத சுரேந்தர் ஒருவரே.

பின்னணிக் குரல் கலைஞர் என்று நாம் அழைக்கும் இவர்களை நடிகருக்குத் துணை செய்யும் தொழிலாளராகக் கருதுவதே நம் சம்பிரதாயமாக இருந்து வந்திருக்கிறது. அது தவறான கணிப்பு என்பதும், அவர்களும் நடிகர்களே என்பதும், அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் தமிழ் நடிப்புக் கலையின் சரித்திரம் பாதிச் சரித்திரமே என்பதும் என் அபிப்பிராயம். அதற்கு ஆதாரங்களைத் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முகம் ஓரிடத்திலும் சாரீரம் வேறோரிடத்திலும் இருப்பது சினிமா கொண்டுவந்த புதுமையன்று. மதுரைச் சீமையிலும் அதற்குத் தெற்கேயும் ஊர் ஊராகச் சென்று தோல்பாவைக் கூத்து நிகழ்த்திய மண்டிகர் குடும்பங்களில், விளக்கொளி படும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் அமர்ந்த ஒரே மனிதர், இராமனாகவும் இராவணனாகவும் சீதையாகவும் அனுமனாகவும் மாறி மாறிப் பேசுவதோடு, உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் கோமாளிகளின் கீச்சுக் குரலையும் கரகரப்பையும் தம் ஒரே தொண்டையிலிருந்து வரவழைத்தார். வீட்டில் மராத்தி பேசும் அக்குடும்பத்தார் திரைக்குப் பின்னால் தமிழ்ப் பாத்திரங்களாகப் பேசினார்கள் என்பது இங்கே ஊன்றி நோக்கத் தக்கது. பாவைக்கும் பாவையாட்டிக்கும் இடையே உள்ள பிரிவை அறிந்தே, அறிந்தும் அதை மறந்தே, இரவெல்லாம் விழித்திருந்து அழுதும் சிரித்தும் பார்த்தவர்கள் நம் கிராமத்தவர்கள். ஆகவே ஒரு முகத்துக்கு இன்னொருவர் குரலைப் பொருத்தி ஏற்றுக்கொள்ளும் பக்குவம், பேசும் படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் இருந்தது.

பேசும் படம் வந்தபோது அந்தப் பக்குவத்துக்கு வேலை உடனே ஏற்படவில்லை. தொடக்க கால நடிகர்கள் காமிராவின் முன் நின்று தாமே பேசினார்கள், தாமே பாடினார்கள்; நன்றாகப் பாட வராதவர் கதாநாயகராக முடியாது என்பது அன்றைய நியதி. 1938-இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடியதிலிருந்து பாட்டு முதலில் பிரிந்தது. 1943-இல் கன்னடத்தில் எடுக்கப்பட்ட 'ஹரிச்சந்திரா'வை அதே மெய்யப்பன் மறு ஆண்டு தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டபோது பேச்சும் பிரிந்தது. இந்தியாவிலேயே ஒரு மொழியிலிருந்து மறு மொழிக்குக் குரல் மாற்றப்பட்ட முதற்படம் அதுவே என்பர். பாட்டுப் பிரிந்ததைத் தமிழர் கொண்டாடினார்கள். பின்னணிப் பாடகர்களின் பெயர்கள் இசைத்தட்டின் மேல் அச்சாயின, வானொலி அவற்றை நாள்தோறும் அறிவித்தது. பேச்சுப் பிரிந்ததையோ எவரும் அறிவிக்கவில்லை. ஒரே நடிகருக்காகப் பாடியவர் தெய்வமாகவும் பேசியவர் பெயரற்றவராகவும் ஆனதற்கு, இசைத்தட்டு வியாபாரத்தைத் தவிர வேறு கலை நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

நட்சத்திரத்தின் குரல் அவருடைய சரீரத்தோடு ஒட்டியே இருக்கவேண்டும் என்று தமிழர் ஒரு காலத்தில் எவ்வளவு உறுதியாகக் கருதினார்கள் என்பதற்குத் திண்டுக்கல்லே ஒரு சாட்சி. 1967 ஜனவரியில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளான எம்.ஜி.ஆரின் தொண்டை பழுதுபட்டு, சொற்கள் மழுங்கி ஒலிக்கத் தொடங்கிய பிறகும், அவர் தம் படங்களில் வேறொருவரைப் பேசச் சொல்லாமல் அந்தச் சிதைந்த சாரீரத்தாலேயே பேசினார். ரசிகர்கள் அதைக் குறையாகக் கொள்ளாமல், தங்களுக்கு நெருக்கமானவரின் உடம்பில் பட்ட காயமாகவே கேட்டார்கள். 1972 அக்டோபரில் அவர் தொடங்கிய கட்சிக்கு முதல் வெற்றியைத் தந்தது 1973 மே மாதத் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்ற அந்தத் தேர்தலில் இச்சமவெளியின் ஊர்களில் ஒலித்த எம்.ஜி.ஆரின் குரல் அந்தக் காயம்பட்ட குரல்தான். அதே மக்கள், பத்தே ஆண்டுகள் கழித்து, ஒருவர் முகத்தில் இன்னொருவர் குரலை எவ்விதச் சங்கடமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இடையில் என்ன நேர்ந்தது?

நேர்ந்தது ஒரு தொழில் மாற்றம். 1977-இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தபின் தமிழ் சினிமா ஸ்டூடியோச் சுவர்களை விட்டு வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் பெயர்ந்தது. வெளிப்புறத்தில் எடுக்கும்போது காமிராவின் இரைச்சலும், காற்றும், வேடிக்கை பார்க்கக் கூடிய ஜனத்தின் சலசலப்பும் ஒலிப்பதிவைக் கெடுத்துவிடும். ஆதலால் படப்பிடிப்பில் பேசியதை வெறும் வழிகாட்டியாக மட்டும் பதிந்துகொண்டு, பிறகு சென்னைக்குத் திரும்பி, ஒலிப்பதிவுக் கூடத்தில் முழுப் படத்தையும் மீண்டும் பேசுவது வழக்கமாயிற்று. எல்லோருமே மறுபடி பேசியாக வேண்டும் என்று ஆனபின், நடித்தவரே பேச வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்துவிட்டது. பிற மாநிலங்களிலிருந்து புதுமுகங்களைக் கொண்டுவந்து கதாநாயகராக்கவும் கதாநாயகியராக்கவும் தயாரிப்பாளருக்குச் சௌகரியம் பிறந்தது இவ்வாறுதான்.

அந்தக் கூடத்தில் நடக்கும் வேலையைச் சற்று விவரிக்க வேண்டும். ஏனெனில் அதைக் காணாதவர்களே அதை எளிதென்று நினைக்கிறார்கள். அக்காலத்தில் படச்சுருளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி, ஓட்டும் இயந்திரத்தில் பூட்டுவார்கள். அதற்கு 'லூப்' என்று பெயர். ஒரே வாக்கியம் பேசும் ஒரே முகம் திரையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். இருட்டில் ஒலிவாங்கியின் முன் நிற்கும் கலைஞர், காதில் மாட்டிய கருவியில் வழிகாட்டி ஒலியைக் கேட்டு, திரையில் உதடு பிரியும் கணத்தில் தொடங்கி உதடு மூடும் கணத்தில் முடிக்க வேண்டும். ப, ம ஆகிய எழுத்துகளில் உதடு ஒட்டியாக வேண்டுமென்பதால், நடிகர் வேற்று மொழிச் சொல்லைச் சொல்லியிருந்தால், அவர் உதடு ஒட்டும் இடத்தில் ஒட்டும் எழுத்துள்ள தமிழ்ச் சொல்லை வசனகர்த்தா தேடி வைக்க வேண்டும். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிந்து வாயைத் திறந்தே வைக்கின்றன; தமிழோ மெய்யில் முடிய விரும்பும் மொழி. இந்த இரண்டுக்கும் நடுவில் கலைஞர் தம் மூச்சை ஒரு நூலளவு நீட்டியும் குறைத்தும் சமாதானம் செய்கிறார். இவ்வளவும் வெறும் பொருத்தம். நடிப்பு இதற்கு மேல்தான் தொடங்குகிறது. திரையில் இருப்பவர் ஓடி வந்து மூச்சிரைக்க நின்றிருப்பார். கூடத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே அந்த இரைப்பை உண்டாக்க வேண்டும். திரையில் இருப்பவர் அழுகையை அடக்கியிருப்பார். அடக்கிய அழுகைக்குரிய தொண்டைக் கனம் இவரிடமிருந்து வர வேண்டும். அங்கம் அசையாமல் குரலால் மட்டுமே செய்யப்படும் இந்த அபிநயத்தை வேறு என்ன பெயரிட்டு அழைப்பது?

சுரேந்தருடைய தொழில் வாழ்க்கையை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அவர் பாடகர், நடிகர் விஜயின் தாயாரும் பாடகியுமான ஷோபா சந்திரசேகரின் உடன்பிறந்தவர். 'நான் பாடும் பாடல்' படத்தில் எஸ். ஜானகியுடன் அவர் பாடிய 'தேவன் கோயில் தீபம் ஒன்று', 'ஊமை விழிகள்' படத்தில் பி.எஸ். சசிரேகாவுடன் பாடிய 'மாமரத்துப் பூவெடுத்து' ஆகிய பாடல்கள் இன்றும் இரவு நேர வானொலியில் கேட்பவை. கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5 பண்பலை இச்சமவெளிக்கு அனுப்பும் பழைய பாடல்களிடையே அவை வந்து போவதுண்டு. பாட்டில் அவர் அடைந்த இடம் சிறியது. பேச்சில் அடைந்த இடம் மிகப் பெரியது. ஆனால் சிறிய இடத்துக்குப் பெயர் கிடைத்தது, பெரிய இடத்துக்குக் கிடைக்கவில்லை.

மோகன் கர்நாடகத்தைச் சேர்ந்தவர், பி.வி. காரந்தின் நாடகப் பயிற்சியில் உருவாகி, பாலு மகேந்திராவின் கன்னடப் படமான 'கோகிலா'வில் 1977-இல் அறிமுகமானவர். தமிழில் 'மூடுபனி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' என்று தொடங்கி, 'பயணங்கள் முடிவதில்லை' 1982-இல் பெற்ற மகத்தான வெற்றிக்குப் பின் அந்தத் தசாப்தத்தின் மிகப் பிரியமான நாயகர்களில் ஒருவரானார். பாடகர் வேடங்களில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி அடிக்கடி தோன்றியதால் 'மைக் மோகன்' என்ற பெயரும் அவருக்கு அமைந்தது. அவர் பாடுவதுபோல் தோன்றிய பாடல்களில் பெரும்பாலானவை எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல், பேசிய வசனங்களில் பெரும்பாலானவை சுரேந்தரின் குரல். ஒரு முகம், இரண்டு சாரீரங்கள். இவை மூன்றும் ஒன்றே என்று மக்கள் நம்பும்படி பிணைந்ததற்குக் காரணம், பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும் விளிம்பில் சுரேந்தர் காட்டிய மென்மை என்று எனக்குத் தோன்றுகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அழுத்தாமல், சற்றே காற்றாக விட்டு முடிப்பது அவருடைய பாணி. அவ்விடத்தில் பாலசுப்பிரமணியம் பாட்டைத் தொடங்கும்போது ஒட்டுப் போட்ட தடம் தெரிவதில்லை. சங்கீத ஞானம் உள்ளவர் பேசியதால் விளைந்த லாபம் இது.

மணிரத்னத்தின் 'மௌன ராகம்' 1986-இல் வந்தது. விரும்பாத மனைவியிடம் கோபமின்றி, கெஞ்சுதலுமின்றி, தன் கௌரவத்தையும் அவளுடைய கௌரவத்தையும் காத்துக்கொண்டு பேசும் கணவனின் பாத்திரம் அது. வசனங்கள் மிகச் சிறியவை, பல இடங்களில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் இல்லை. இவ்வளவு குறைந்த சொற்களில் ஒரு மனிதனின் அந்தரங்கத்தைக் கேட்பவருக்கு உணர்த்துவதற்குச் சொற்களுக்கு முன்னும் பின்னும் உள்ள மூச்சையே நம்பியாக வேண்டும். மோகனின் கண்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. அவர் தேர்ந்த நடிகர். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படத்தைக் கேட்டுப் பார்ப்பவருக்கு, அந்தக் கணவனின் கண்ணியத்தில் சரிபாதியைச் செய்தவர் யார் என்பது விளங்கும். 'விதி'யின் வஞ்சகனையும் 'மௌன ராக'த்தின் உத்தமனையும், ஒரே முகத்துக்காக, இரண்டே ஆண்டு இடைவெளியில், ஒரே குரல் வேறு வேறு மனிதர்களாக்கிக் காட்டியது. இதைச் செய்ய வல்லவரை நடிகர் என்று சொல்லாமல் இருப்பது அநீதி.

பெண் குரல்களின் சரித்திரம் இதனினும் விரிவானது. 1985-இல் வந்த 'முதல் மரியாதை'யில் பரிசல் ஓட்டும் குயிலாக நடித்தவர் ராதா. குயிலின் வாய்மொழியாக நாம் கேட்பது ராதிகாவின் குரல். தாமே புகழ்பெற்ற கதாநாயகியாக இருந்த ஒருவர், தம் சமகாலக் கதாநாயகிக்காக இருட்டில் நின்று பேசி, அந்த நாட்டுப்புறப் பெண்ணின் துடுக்கையும் துயரத்தையும் உயிர்ப்பித்திருக்கிறார். கதாநாயகியாகப் பெயர்பெற்ற சரிதா பிற்காலத்தில் நக்மா, விஜயசாந்தி, சுஷ்மிதா சென் முதலியோருக்குப் பேசினார். 'பம்பாய்' படத்தின் மனீஷா கொய்ராலாவுக்கும், 'இருவர்', 'ராவணன்' படங்களின் ஐஸ்வர்யா ராய்க்கும் பேசியவர் ரோகிணி. சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் சவிதா ரெட்டி, 'ராஜா ராணி'யிலும் 'தனி ஒருவ'னிலும் நயன்தாராவுக்குத் தீபா வெங்கட், 'விண்ணைத்தாண்டி வருவாயா'விலும் '96'-இலும் திரிஷாவுக்குச் சின்மயி என்று அந்த வரிசை இன்றளவும் நீள்கிறது. ஆண்களில் விக்ரம், 'சேது'வுக்கு முன் வாய்ப்பின்றி இருந்த ஆண்டுகளில், 'அமராவதி'யில் அஜித்துக்கும், 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும், 'காதல் தேச'த்தில் அப்பாஸுக்கும் பேசியவர்.

இந்தப் பரிவர்த்தனை ஒருவழிப் பாதையன்று. திண்டுக்கல்லுக்கு அடுத்த தேனிச் சீமையில், பெரியகுளத்தை அடுத்த லட்சுமிபுரத்தைச் சேர்ந்த ராஜசேகர் தெலுங்கிலே பெரிய நாயகரானார்; அங்கே அவருடைய கர்ஜனையாகப் பிரசித்தி பெற்றது சாய்குமாரின் குரல். கமல்ஹாசனின் 'தசாவதாரம்' தெலுங்குக்குச் சென்றபோது பத்து வேடங்களில் ஏழுக்குப் பாலசுப்பிரமணியமே பேசினார். சாய்குமாரின் தந்தையாரான பி.ஜே. சர்மாவும் இத்தொழிலில் இருந்தவர். நம்மிடையே ஸ்ரீஜா ரவியும் அவர் மகள் ரவீணாவும் அவ்வாறே. குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் செல்லும் வித்தையாக இது இருப்பதற்கு, இதைக் கற்பிக்கும் பள்ளிகள் நம்மிடம் அருகியிருப்பதும் ஒரு காரணம்.

குரல் கலைஞர் பெயரற்றவராக இருக்கும் இந்த நிலைமை ஜப்பானில் இல்லை. அங்கே 1963-இல் தெஸூகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' சித்திரத் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியபோது அந்த இயந்திரச் சிறுவனுக்குப் பேசியவர் மாரி ஷிமிஸு என்ற பெண்மணி. சிறுவர்களின் குரல் சில ஆண்டுகளில் உடைந்துவிடும் என்பதால் சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள் பேசுவது அந்நாட்டில் நிலைத்துவிட்டது. 1936-இல் பிறந்த மசாகோ நொசாவா, 1968-இல் 'கிடாரோ'வாகவும், 1978-இல் 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' தொடரின் சிறுவனாகவும், 1986 முதல் 'டிராகன் பால்' கோக்குவாகவும் பேசி, கோக்குவின் இரு புதல்வர்களுக்கும் தாமே குரலானார். 1979 முதல் 2005 வரை டோரேமானாகப் பேசிய நொபுயோ ஒயாமா 2024-இல் காலமானபோது, அச்செய்தி கடல் கடந்த நாடுகளின் பத்திரிகைகளிலும் இடம்பெற்றது. 2007 முதல் குரல் நடிகர்களுக்கென்றே அங்கே ஆண்டு விருதுகள் உண்டு.

இந்த வேறுபாட்டுக்குச் சித்திரத் தொடர்களின் வியாபாரம் மட்டும் காரணமன்று என்று நினைக்கிறேன். ஜப்பானின் 'புன்ராகு' பாவைக் கூத்திலும் ஒருவரே எல்லாப் பாவைகளுக்கும் பேசுகிறார். ஆனால் அவர் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதில்லை. மேடையின் பக்கத்தில், சபையோர் காண, முறையான உடையில் அமர்ந்து, ஏட்டைத் தலைக்கு மேல் உயர்த்தி வணங்கிவிட்டுத் தொடங்குகிறார். மௌனப் படக் காலத்தில் திரையருகே நின்று எல்லாப் பாத்திரங்களுமாகப் பேசிய 'பென்ஷி'களும் அவ்வாறே மக்கள் அறிய நின்றவர்கள். அவர்களுக்காகவே படம் பார்க்கப் போனவர்கள் உண்டு. பேசுபவரைப் பார்த்துக்கொண்டே பாத்திரத்தை நம்பும் பழக்கம் அவர்களுக்கு வழிவழியாக வந்தது. நம்முடைய பாவைக் கூத்தரோ திரைக்குப் பின்னால் இருந்தார். அவருடைய வாரிசாகிய குரல் கலைஞரும் அங்கேயே இருந்துவிட்டார். மாயை கலையக் கூடாது என்று தயாரிப்பாளர் அஞ்சிய அச்சத்துக்கு ஜப்பானிய அனுபவம் தக்க பதில்.

அந்த மறைவு வெறும் புகழிழப்போடு நிற்பதில்லை; பிழைப்பையும் பாதிக்கிறது. 2018 நவம்பரில் சின்மயி, சந்தா பாக்கி என்ற காரணத்தின்மேல் டப்பிங் கலைஞர்கள் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். பாலியல் துன்புறுத்தல்களைப் பகிரங்கமாகப் பேசியதன் விளைவே அது என்பது அவர் கூற்று. அவர் குரலை அத்தனை படங்களில் கேட்டுப் பழகியிருந்த ரசிகர்கள், மறுபடி 2023-இல் 'லியோ'வில் அதைக் கேட்டார்கள். தமிழக அரசு விருதுகளில் குரல் கலைஞர்களுக்கு இடம் உண்டு. தேசிய விருதுகளில் தனிப் பிரிவு இல்லை. பல்லாண்டு காலம் பிறருக்காகப் பேசிய எம்.எஸ். பாஸ்கருக்கு 'பார்க்கிங்' படத்துக்காக 2025-இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. அவர் தம் முகத்தோடு தோன்றி நடித்ததற்காகவே அது கிடைத்தது. அந்த முதியவரின் சினத்தையும் வீம்பையும் அவர் குரலில் ஏற்றிய நுட்பத்தில், இருட்டுக் கூடத்தில் கழிந்த அந்த ஆண்டுகளின் பயிற்சி இருப்பதை நான் கேட்கிறேன்.

இப்போது செய்யத் தக்கது ஒன்று உண்டு. 1977 முதல் இருபது ஆண்டுகளில் வந்த தமிழ்ப் படங்களில் யாருக்கு யார் பேசினார் என்ற முழு அட்டவணை ஒன்றை, அந்தக் கலைஞர்கள் நம்மிடையே இருக்கும்போதே தயாரிக்க வேண்டும். சின்னாளப்பட்டிக்கு அருகே, காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்கும் மாணவர்கள் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும்போது இதை எடுத்துக்கொள்ளலாம். இச்சமவெளியின் வீடுகளில் பரண் மேல் கிடக்கும் கதை வசன ஒலிநாடாக்களையும் சேகரிக்கலாம். கலைஞர்களிடம் கேட்க வேண்டியவையும் தெளிவானவை: எந்தப் படம், எந்தக் கூடம், ஒரு படத்துக்கு எத்தனை நாள், என்ன ஊதியம், நடித்தவரைச் சந்தித்ததுண்டா, படத்தின் எழுத்துப் பட்டியலில் பெயர் வந்ததா, வராதபோது கேட்டார்களா, கேட்டதற்கு என்ன சொன்னார்கள்.